போன்ல இருக்கற போட்டோவை எங்க காப்பாத்தி வைக்கறது: பென் டிரைவா, ஹார்ட் டிஸ்க்கா, எஸ்எஸ்டியா, கூகுள் போட்டோஸா?

எங்க பெரியம்மாவோட போன் ஒரு நாள் சார்ஜ்ல இருந்தபடியே அணைஞ்சுபோச்சு, அதுக்கப்புறம் என்ன பண்ணியும் ஆன் ஆகல. சர்வீஸ் கடைக்கு எடுத்துட்டுப் போனேன், அந்தத் தம்பி பிரிச்சுப் பாத்துட்டு, போர்டு போயிடுச்சுண்ணா, உங்களுக்கு போன் வேணுமா டேட்டா வேணுமான்னு கேட்டார். பெரியம்மாவுக்கு போன் வேண்டாம். பெரியப்பா தவறிப்போன வருஷம் எடுத்த போட்டோ, அவர் ஆஸ்பத்திரியில படுத்துக்கிட்டே பேரனுக்குக் கதை சொன்ன ஒரு வீடியோ, அதுதான் வேணும். கூகுள் போட்டோஸ்ல இருக்கும் பெரியம்மா, கவலைப்படாதீங்கன்னு நான் தைரியமா சொல்லிட்டு அவங்க ஐடியை என் லேப்டாப்ல திறந்தா, ஒன்றரை வருஷம் முன்னாடி ஒரு தேதியோட எல்லாம் நின்னுபோயிருக்கு. இலவசமா குடுக்கற 15 ஜிபி நிரம்பினதும் பேக்கப் நின்னுடுச்சு. ஸ்டோரேஜ் ஃபுல்லுன்னு போன்ல நோட்டிபிகேஷன் வந்துகிட்டேதான் இருந்திருக்கு, அவங்க அதை ஏதோ விளம்பரம்னு நெனச்சுத் தள்ளிவிட்டிருக்காங்க. கதை சொன்ன வீடியோ மட்டும் வாட்ஸ்ஆப்ல அண்ணிக்கு அனுப்பினது கெடச்சுது, தரம் கொறஞ்சு, பெரியப்பா முகம் மங்கலா. மத்ததெல்லாம் போயிடுச்சு.

இது நடந்ததுலேருந்து சொந்தக்காரங்க எல்லாரும் என்கிட்ட ஒரே கேள்விதான் கேக்கறாங்க, என்ன வாங்கட்டும், ஹார்ட் டிஸ்க் வாங்கட்டுமா, கூகுளுக்குக் காசு கட்டட்டுமா, பென் டிரைவ் போதுமான்னு. ஒவ்வொருத்தருக்கும் போன்ல தனித்தனியா சொல்லி மாளல, அதனால நான் இந்த நாலையும் எப்படிப் பாக்கறேன்னு முழுசா எழுதிடறேன்.

## முதல்ல எதை வச்சு முடிவு பண்றது

எல்லாரும் முதல்ல கேக்கறது எத்தனை ஜிபி, எவ்வளவு விலை. அது ரெண்டும் வேணும்தான், ஆனா அதை மட்டும் வச்சு முடிவு பண்ணவங்கதான் அதிகமா போட்டோவைத் தொலைச்சிருக்காங்க. நான் பாக்கறது இதுதான்:

- தானா நடக்குமா, இல்ல வீட்ல யாராவது ஞாபகம் வச்சு உக்காந்து பண்ணனுமா? அந்த யாராவது யாரு?
- பேக்கப் நின்னுபோனாலோ கெட்டுப்போனாலோ நமக்குத் தெரியுமா? எப்பத் தெரியும், தேவைப்படறதுக்கு முன்னாடியா பின்னாடியா?
- போன்ல ஒரு போட்டோவை அழிச்சா அங்கயும் அழிஞ்சுடுமா?
- அஞ்சு வருஷத்துக்கு மொத்தமா என்ன செலவு?
- வீட்டுக்கே ஏதாவது ஆச்சுன்னா, தண்ணி புகுந்தா, திருடு போனா, அது தப்பிக்குமா?
- நாம இல்லாதப்போ வீட்ல இருக்கறவங்க அதைத் திறந்து பாக்க முடியுமா?

ரெண்டாவது கேள்விதான் எனக்கு எல்லாத்தையும் விடப் பெருசு. ஹார்ட் டிஸ்க் அலமாரிக்குள்ளயே செத்துக் கிடக்கும், கூகுள் இடமில்லாம நின்னிருக்கும், ரெண்டுமே சத்தம் போடாது.

அளவு பத்தி ஒரு வார்த்தை. போன்ல எடுக்கற ஒரு போட்டோ 4 எம்பின்னு வச்சுக்கிட்டா 100 ஜிபிக்கு 25,000 போட்டோ பிடிக்கும், அது நிறைய. இடத்தை முழுங்கறது வீடியோதான். 4கேல, அதாவது ரொம்பத் தெளிவான வீடியோ தரத்துல எடுத்தா போனைப் பொறுத்து ஒரு நிமிஷத்துக்கு 170லேருந்து 350 எம்பி வரைக்கும் போகும், அதாவது கொழந்தையோட ஸ்கூல் ஆண்டு விழா டான்ஸ் அஞ்சு நிமிஷம் எடுத்தீங்கன்னா ஒண்ணரை ஜிபி கூட ஆயிடலாம். வீட்டு வீடியோவுக்கு அதுக்குக் கீழ இருக்கற 1080 தரம் போதும்னா கேமரா செட்டிங்ல அதை மாத்திட்டாலே பாதி பிரச்சினை கொறையும்.

## பென் டிரைவ், மெமரி கார்டு

இதைச் சீக்கிரமா முடிச்சுடறேன். இது ஒரு இடத்துலேருந்து இன்னொரு இடத்துக்குத் தூக்கிட்டுப் போகத்தான். ஸ்டூடியோக்காரர்கிட்ட பிரிண்ட் போடக் குடுக்க, டிவியில சொருகிக் கல்யாண வீடியோ பாக்க, அதுக்கு நல்லா இருக்கும். வருஷக்கணக்கா போட்டோவை வச்சிருக்க இதை நம்பாதீங்க. சின்னது, தொலையும், சட்டைப் பையோட வாஷிங் மெஷினுக்குள்ள போகும்.

இதுல மறைஞ்சிருக்கற ஆபத்து போலி கொள்ளளவு. நம்ப முடியாத கம்மி விலைக்கு 1 டிபி (ஆயிரம் ஜிபி) பென் டிரைவ்னு விக்கறதை வாங்கினா உள்ள உண்மையில 32 ஜிபியோ 64 ஜிபியோதான் இருக்கும், கம்ப்யூட்டர்ல 1 டிபின்னு காட்டற மாதிரி மாத்தி வச்சிருப்பாங்க. காப்பி ஆகற மாதிரியே தெரியும், பேரும் இருக்கும், திறந்தா போட்டோ வராது. ஹெச்2டெஸ்ட்டபிள்யூன்னு ஒரு இலவச சாப்ட்வேர் இருக்கு, முழுசா எழுதித் திருப்பிப் படிச்சுப் பாத்து உண்மையான அளவைச் சொல்லிடும், புதுசா எது வாங்கினாலும் முதல்ல அதை ஓட்டுங்க. அப்புறம், பெரிய வீடியோவைப் போடும்போது இடம் இருந்தும் ஃபைல் ரொம்பப் பெருசுன்னு சொல்லுதுன்னா பென் டிரைவ் ஃபேட்32ங்கற பழைய பார்மட்ல இருக்குன்னு அர்த்தம், அதுல ஒரு ஃபைல் 4 ஜிபிக்கு மேல போகாது. உள்ள இருக்கறதை வேற இடத்துல எடுத்து வச்சுட்டு எக்ஸ்ஃபேட்ல பார்மட் பண்ணினா சரியாயிடும்.

## எக்ஸ்டர்னல் ஹார்ட் டிஸ்க்

ஒரு தடவை காசு குடுத்தா போதும், மாசா மாசம் கட்டறதுங்கறது இல்ல. 1 டிபி 5000லேருந்து 7000 ரூபாய் சுத்துவட்டத்துல கெடைக்கும், ஒரு குடும்பத்தோட பத்து வருஷ போட்டோ வீடியோ அதுல அடங்கிடும். (வாங்கிச் சொருகினா 931 ஜிபின்னு காட்டும், ஏமாத்திட்டான்னு நெனைக்காதீங்க, கம்பெனி ஆயிரம் ஆயிரமா எண்ணுது, விண்டோஸ் 1024 1024ஆ எண்ணுது, அவ்வளவுதான்.) நெட் வேண்டாம், பாஸ்வேர்டு வேண்டாம், நாளைக்கு நீங்க இல்லைன்னாலும் வீட்ல யார் வேணும்னாலும் சொருகிப் பாத்துக்கலாம். போன்ல அழிச்சா இதுல அழியாது. கடைசி ரெண்டு விஷயத்துக்காகவே ஒவ்வொரு வீட்லயும் ஒண்ணு இருக்கணும்னு நான் நெனைக்கறேன்.

ஆனா இது தானா நடக்காது. யாராவது உக்காரணும். ஆண்ட்ராய்டு போனை கேபிள் போட்டு கம்ப்யூட்டர்ல சொருகி, ஃபைல் டிரான்ஸ்ஃபர்னு தேர்ந்தெடுத்து, கேமரா போட்டோ இருக்கற டிசிஐஎம் (DCIM) ஃபோல்டரைத் திறந்து காப்பி பண்ணனும், அஞ்சாறாயிரம் போட்டோவை ஒரே அடியா இழுத்தா பாதியில அப்படியே உறைஞ்சு நிக்கும், எது வந்தது எது வரலைன்னு தெரியாம மண்டை காயும். அதனால கொஞ்சம் கொஞ்சமா, முன்னூறு நானூறா எடுங்க. எப்பவும் காப்பி மட்டும் பண்ணுங்க, கட் பண்ணவே பண்ணாதீங்க, நடுவுல கேபிள் ஆடினாலோ கரண்ட் போனாலோ ரெண்டு பக்கமும் இல்லாம போற ஆபத்து இருக்கு. காப்பி முடிஞ்சு எண்ணிக்கை சரியா இருக்கான்னு பாத்துட்டு அப்புறமா போன்ல அழிங்க.

இதோட மறைமுக செலவு எங்க வருதுன்னா, விழும்போது. உள்ள தட்டு ஒண்ணு சுத்திக்கிட்டிருக்கு, அதுக்கு மேல ஒரு மயிரிழை கூட இல்லாத இடைவெளியில டேட்டாவைப் படிக்கற ஹெட் மிதக்குது, ஓடிக்கிட்டிருக்கும்போது மேஜையிலேருந்து விழுந்தா அதோட கதை முடிஞ்ச மாதிரிதான். டிக் டிக்குன்னு சத்தம் வந்தா உடனே கழட்டிடுங்க, திரும்பத் திரும்ப சொருகிப் பாக்காதீங்க, ஒவ்வொரு தடவையும் இன்னும் கொஞ்சம் கெடும். அதுலேருந்து டேட்டா எடுக்கக் குடுத்தா பல சமயம் பத்தாயிரத்துக்கு மேல கேப்பாங்க, கெடைக்கும்னும் உறுதி கெடையாது. மூணு வருஷம் வாரண்டி இருக்கேம்பீங்க, வாரண்டியில புது டிஸ்க் குடுப்பாங்க, உள்ள இருந்த போட்டோவைக் குடுக்க மாட்டாங்க.

இன்னும் ரெண்டு விஷயம். பேக்கப் வச்சிருக்கற டிஸ்க்கை டிவியில சொருகாதீங்க, சில டிவி ரெக்கார்டிங்குக்காக பார்மட் பண்ணவான்னு, அதாவது உள்ள இருக்கறதை எல்லாம் அழிக்கவான்னு கேக்கும், ரிமோட் கொழந்தை கையில இருந்தா ஓகே அமுக்க ஒரு நொடி போதும். அதே மாதிரி கம்ப்யூட்டர்லயே எப்பவும் சொருகி வச்சிருக்காதீங்க. 2017ல வான்னாக்ரைங்கற, ஃபைலைப் பூட்டிட்டுக் காசு கேக்கற வைரஸ் உலகம் பூரா பரவினப்போ கம்ப்யூட்டர்ல இருந்த ஃபைல் மட்டும் பூட்டிக்கல, கூட சொருகியிருந்த டிரைவ்ல இருந்ததும் சேந்து பூட்டிக்கிச்சு. வேலை முடிஞ்சா கழட்டி, பெட்டியில சிலிக்கா ஜெல் பாக்கெட் ஒண்ணு போட்டு, கடலோர ஊர்ல இருக்கறவங்க இதை மறக்காம போட்டு, அலமாரியில வச்சுடுங்க. ஆறு மாசத்துக்கு ஒரு தடவை எடுத்து கிரிஸ்டல்டிஸ்க்இன்ஃபோங்கற இலவச சாப்ட்வேர்ல பாருங்க, நீலத்துல குட்னு இருந்தா சரி, மஞ்சளாச்சுன்னா அன்னைக்கே வேற டிஸ்க்குக்கு மாத்திடுங்க.

## எக்ஸ்டர்னல் எஸ்எஸ்டி

இதுவும் ஹார்ட் டிஸ்க் மாதிரி வெளிய சொருகறதுதான், ஆனா உள்ள மெமரி சிப்தான், சுத்தற பாகமே இல்ல, அதனால கைதவறி விழுந்தாலும் பெரும்பாலும் ஒண்ணும் ஆகாது. வேகம் ஹார்ட் டிஸ்க்கை விடப் பல மடங்கு. விலையும் அதே அளவு ஜிபிக்கு நல்லாவே கூட.

வேகத்துக்காக வாங்கறவங்களுக்கு ஒண்ணு சொல்லணும், பழைய கம்ப்யூட்டர்ல யூஎஸ்பி 2.0 போர்ட்ல சொருகினா நொடிக்கு 30, 35 எம்பிதான் வரும், எவ்வளவு விலை குடுத்த எஸ்எஸ்டியா இருந்தாலும் அவ்வளவுதான். நீலக் கலர் போர்ட் இருக்கான்னு பாருங்க, பெரும்பாலும் அதுதான் 3.0.

அலமாரியில வருஷக்கணக்கா தூங்க வைக்க எஸ்எஸ்டியை நான் சொல்ல மாட்டேன். இதுல டேட்டா மின்னூட்டமா நிக்குது, கரண்டே குடுக்காம ரொம்ப நாள் விட்டா அது மெதுவா கசியும். மெமரி சிப்புக்கெல்லாம் தரம் வகுக்கற ஜெடெக் அமைப்போட அளவுப்படி, முழுசா எழுதித் தேஞ்ச நிலையில இருக்கற வீட்டு உபயோக எஸ்எஸ்டி 30 டிகிரியில கரண்ட் இல்லாம ஒரு வருஷம் டேட்டாவை வச்சிருந்தா போதும். புதுசு அதை விட எவ்வளவோ நாள் தாங்கும், பயப்பட வேண்டாம், ஆனா நம்ம ஊர் மே மாசத்துல மொட்டைமாடிக்குக் கீழ இருக்கற ரூம் அலமாரி 30 டிகிரியில நிக்கறதில்ல. சாகும்போதும் இது டிக் டிக்குன்னு எச்சரிக்கை குடுக்காது, நேத்து வேலை செஞ்சது இன்னைக்கு கம்ப்யூட்டர்ல தெரியவே தெரியாது. தினமும் பையில தூக்கிட்டுப் போறவங்க, வீடியோ எடிட் பண்றவங்க, அவங்களுக்கு இது சரியான சாமான்.

## கூகுள் போட்டோஸ்

தானா நடக்கற ஒரே வழி இதுதான், அதனாலதான் பெரியம்மாவுக்கு இவ்வளவு நடந்த பிறகும் வயசானவங்களுக்கு நான் இதையே சொல்றேன். வைஃபைல இருக்கும்போது தானா ஏறிடும், போன் கிணத்துல விழுந்தாலும் புது போன்ல ஐடி போட்டா எல்லாம் வந்துடும், வீடே முழுகினாலும் ஒண்ணும் ஆகாது. 2015 டிசம்பர்ல சென்னையில வெள்ளம் வந்தப்போ தரைத்தளத்துல இருந்தவங்க ஆல்பம், கம்ப்யூட்டர் எல்லாத்தையும் சேத்தே இழந்தாங்க, ஒரே வீட்ல ரெண்டு காப்பி வச்சிருந்தாலும் அன்னைக்கு ரெண்டும் ஒரே தண்ணியிலதான் இருந்திருக்கும்.

ஆனா மத்த மூணையும் விட இதுலதான் கண்ணுக்குத் தெரியாத பள்ளம் அதிகம்.

முதல் பள்ளம் இடம். 2021 ஜூன் 1க்கு முன்னாடி அளவு கொறச்சு ஏத்தற போட்டோவுக்குக் கணக்கே இல்ல, இலவசம். அந்த ஞாபகத்துலயே இன்னும் நிறைய பேர் இருக்காங்க. இப்ப ஜிமெயில், டிரைவ், போட்டோஸ் எல்லாத்துக்கும் சேத்து 15 ஜிபி, 2024லேருந்து ஆண்ட்ராய்டு வாட்ஸ்ஆப் பேக்கப்பும் அதுலயே கணக்கு. வாட்ஸ்ஆப் இமேஜஸ் ஃபோல்டரையும் பேக்கப்ல ஆன் பண்ணி வச்சிருந்தா குட்மார்னிங் படமே அதை நிரப்பிடும், அதை ஆஃப் பண்ணுங்க. நிரம்பினா போட்டோ மட்டும் நிக்காது, மெயில் வர்றதும் நின்னுடும்.

ரெண்டாவது பள்ளம், அழிக்கறது. போன்ல இடம் இல்லைன்னு கூகுள் போட்டோஸ் ஆப்லயே போட்டோவை அழிச்சா அது போன்லயும் போகும் கூகுள்லயும் போகும். குப்பைத்தொட்டியில 60 நாள் இருக்கும், அதுக்கப்புறம் யாராலயும் கொண்டுவர முடியாது. போன்ல மட்டும் அழிக்கணும்னா ஃப்ரீ அப் ஸ்பேஸ்னு தனியா ஒண்ணு இருக்கு. ஆனா அதை அமுக்கின அந்த நிமிஷத்துலேருந்து கூகுள்ல இருக்கறதுதான் உங்க ஒரே காப்பி, அதுக்கப்புறம் அதை பேக்கப்னு சொல்ல முடியாது. ஐபோன் வச்சிருக்கறவங்களுக்கு ஐகிளவுட்லயும் இதே கதைதான், ஒரு இடத்துல அழிச்சா எல்லா இடத்துலயும் அழியும், அங்க இலவசம் 5 ஜிபிதான்.

மூணாவது, ஐடி. போன் வாங்கின கடையில பையன் ஒரு ஐடி போட்டுக் குடுத்திருப்பான், பாஸ்வேர்டு யாருக்கும் தெரியாது, ரெக்கவரி நம்பர் எப்பவோ ரீசார்ஜ் பண்ணாம விட்ட சிம். அப்பா அம்மா போனை எடுத்து இன்னைக்கே இதைப் பாருங்க, ரெக்கவரிக்கு உங்க நம்பரையும் உங்க மெயிலையும் போடுங்க. ரெண்டு வருஷம் யாரும் தொடாத அக்கவுண்டை கூகுள் அழிக்கலாம்னு விதியே இருக்கு. காசு கட்டறதை நிறுத்தி ரெண்டு வருஷம் அளவுக்கு மேலயே இருந்தாலும் உள்ள இருக்கறதை அழிக்கலாம்.

செலவு: நான் கட்டறது 100 ஜிபிக்கு வருஷம் 1300 ரூபாய், அஞ்சு வருஷத்துக்கு 6500, ஒரு ஹார்ட் டிஸ்க் விலைதான். வீட்ல இன்னும் அஞ்சு பேரோட அந்த இடத்தைப் பகிரலாம், அவங்க போட்டோவை நாம பாக்க முடியாது, இடம் மட்டும்தான் பொது. 2 டிபி போனா வருஷம் 6500, அஞ்சு வருஷத்துக்கு 32,500, அங்கதான் யோசிக்கணும். கட்டறதுக்கு முன்னாடி அன்னைக்கு என்ன விலைன்னு ஆப்ல பாத்துக்கங்க.

நெட்டையும் கணக்குல சேருங்க. 100 ஜிபி ஏத்த 20 எம்பிபிஎஸ் அப்லோடு இருந்தாலே பதினோரு மணி நேரம் ஆகும். ஒரு நாளைக்கு 1.5 ஜிபி பேக்கை நம்பி இருக்கற வீட்ல, வேற எதுக்குமே நெட்டைத் தொடாம இருந்தாலும் ரெண்டு மாசத்துக்கு மேல. அப்படிப்பட்ட ஊர்ல இருக்கறவங்களுக்கு ஹார்ட் டிஸ்க்தான் முதல்ல, கூகுள் அப்புறம்.

## ஒரே பார்வையில

| | பென் டிரைவ் | ஹார்ட் டிஸ்க் | எஸ்எஸ்டி | கூகுள் போட்டோஸ் |
|---|---|---|---|---|
| தானா நடக்குமா | இல்ல | இல்ல | இல்ல | நடக்கும், இடம் இருக்கற வரைக்கும் |
| கெட்டா தெரியுமா | தெரியாது | சத்தம், சாப்ட்வேர் மூலமா ஓரளவு | பெரும்பாலும் திடீர்னு | நோட்டிபிகேஷன் வரும், படிக்கணும் |
| போன்ல அழிச்சா | இருக்கும் | இருக்கும் | இருக்கும் | ஆப்ல அழிச்சா போயிடும் |
| அஞ்சு வருஷ செலவு | கம்மி | 5000 - 7000 | அதை விடக் கூட | 100 ஜிபி 6500 |
| வெள்ளம், திருட்டு | தப்பாது | வேற வீட்ல வச்சா தப்பும் | அதே | தப்பும் |
| நாம இல்லாதப்போ | திறக்கலாம் | திறக்கலாம் | திறக்கலாம் | ஐடி தெரிஞ்சாதான் |

## யாருக்கு எது

தனியா இருக்கற அப்பா அம்மா, கம்ப்யூட்டரே இல்லாத வீடு: கூகுள் 100 ஜிபி, காசை பிள்ளைங்க கட்டிடுங்க. 130 ரூபாய்க்கு மாசா மாசம் கட்டறதை விட வருஷத்துக்கு ஒரே தடவையா கட்டிடறது நல்லது, கார்டு மாறினாலோ ஆட்டோ பேமென்ட் தவறினாலோ பேக்கப் நிக்கற வாய்ப்பு கொறையும். நோட்டிபிகேஷன் அவங்களுக்குப் புரியும்னு எதிர்பாக்காதீங்க, ஊருக்குப் போறப்பெல்லாம் நீங்களே எடுத்துப் பாருங்க.

சின்னக் கொழந்தை இருக்கற வீடு, லேப்டாப் ஒண்ணு இருக்கு: இங்க எது ஒண்ணுன்னு கேட்டா நான் பதில் சொல்ல மாட்டேன், ரெண்டும் வேணும். பீட்டர் க்ரோங்கற அமெரிக்க போட்டோகிராபர் பரப்பின 3-2-1 கணக்கு ஒண்ணு இருக்கு, மூணு காப்பி, ரெண்டு வேற வேற வகை சாதனம், அதுல ஒண்ணு வீட்டுக்கு வெளிய. போன்ல ஒண்ணு, ஹார்ட் டிஸ்க்ல ஒண்ணு, கூகுள்ல ஒண்ணுன்னு வச்சாலே கணக்கு சரியாயிடும். காசு ஒண்ணுக்குத்தான் இருக்குன்னா, வீட்ல உக்காந்து காப்பி பண்ற ஆள் இருக்காரான்னு நேர்மையா யோசிங்க. இருந்தா ஹார்ட் டிஸ்க், இல்லைன்னா கூகுள்.

கல்யாண வீடியோ எடுக்கறவங்க, யூடியூப் சேனல் வச்சிருக்கறவங்க: வேலைக்கு எஸ்எஸ்டி, முடிஞ்சதை வைக்க ரெண்டு ஹார்ட் டிஸ்க், ரெண்டும் ஒரே நாள்ல ஒரே கடையில வாங்கினதா இல்லாம இருந்தா இன்னும் நல்லது. இவ்வளவு ஜிபியை கூகுள் மாதிரி கிளவுடுல வைக்கற காசு கட்டுப்படியாகாது.

பழைய கல்யாண டிவிடி வச்சிருக்கறவங்க தயவுசெஞ்சு தள்ளிப்போடாதீங்க. இப்ப வர்ற லேப்டாப்ல டிவிடி டிரைவே கெடையாது, டிஸ்க்லயும் பூஞ்சை பிடிச்சுக்கிட்டிருக்கு, டிரைவ் வச்சிருக்கற யாரையாவது பிடிச்சு இந்த மாசமே ஹார்ட் டிஸ்க்குக்கு மாத்திடுங்க.

எங்க வீட்ல பொங்கலுக்கு ஒரு தடவை, ஆயுத பூஜைக்கு ஒரு தடவை எல்லார் போனையும் வாங்கி ஹார்ட் டிஸ்க்ல ஏத்தறேன். ஆயுத பூஜை அன்னைக்கு எப்படியும் கம்ப்யூட்டரைத் துடைச்சுப் பொட்டு வைக்கறோம், அதோட இதையும் சேத்துட்டா தேதி மறக்கறதில்ல. டிஸ்க் மேல ஒரு டேப் ஒட்டி எந்த மாசம் வரைக்கும் ஏத்தியிருக்குன்னு பேனாவுல எழுதி வச்சிருக்கேன். ரெண்டாவது டிஸ்க் திருச்சியில தங்கச்சி வீட்ல இருக்கு, போகும்போது மாத்தி எடுத்துட்டு வருவேன்.

ஏத்தி முடிச்சதும் நான் விடாம பண்றது ஒண்ணு: டிஸ்க்குக்குள்ள போய் நாலஞ்சு போட்டோவையும் ஒரு பெரிய வீடியோவையும் சும்மா எங்கயாவது தொட்டுத் திறந்து பாப்பேன், வீடியோவைக் கடைசி வரைக்கும் ஓட்டிப் பாப்பேன், ஏன்னா பாதியில அறுந்த காப்பி ஆரம்பத்துல நல்லாத்தான் ஓடும். கூகுளுக்கும் அதே மாதிரி, ஆப்ல மேல வலது பக்கம் இருக்கற நம்ம படத்தைத் தொட்டா பேக்கப் முடிஞ்சுதா, நின்னிருக்கா, எவ்வளவு இடம் மிச்சம்னு காட்டும். அது மட்டும் போதாது, வேற ஒரு போன்லயோ லேப்டாப்லயோ அதே ஐடியில போய், நேத்து எடுத்த போட்டோ அங்க இருக்கான்னு பாக்கணும். பெரியம்மாவோட புது போனுக்கு இப்ப மாசா மாசம் முதல் ஞாயித்துக்கிழமை நான் இங்கேருந்தே அதைப் பாத்துடறேன், பாத்துட்டு, வந்துடுச்சு பெரியம்மான்னு ஒரு போன் போடறேன்.